கால் கிராம் சர்க்கரை

பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. பாயசக் கிண்ணத்தை அது நக்கினால் பாலுக்கும் நெய்க்கும்தான் நக்குகிறது; வெல்லம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதன் காரணத்தை 2005-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்தார்கள். இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து உருவாவது. அவற்றில் ஒன்றைச் செய்ய வேண்டிய மரபணுவில் பூனைக்கு 247 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. மரபணு இருக்கிறது, வேலை செய்யாது. அவர்கள் சோதித்த புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் இதே கதைதான்.

இதைக் குறை என்று சொல்வது கரும்பும் பழமும் தின்னும் நம்முடைய பார்வை. பூனைக் குலத்துக்குச் சர்க்கரையைத் தேடிப் போக வேண்டிய தேவையே இருந்ததில்லை. அதற்கு வேண்டிய சர்க்கரையை அதன் ஈரலே இறைச்சியிலிருந்து செய்துகொள்கிறது.

ஒரு மலையூரை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப்பாதையில் தொங்கிக்கொண்டு இறங்கிய இடம். 2018 மார்ச் காட்டுத்தீக்குப் பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது. இந்த மலைகளில் ஒரு சிறுத்தை கேளையாட்டை அடித்துத் தின்றுவிட்டு, அடுத்த இரை கிடைக்கும்வரை இரண்டு மூன்று நாள் வெறும் வயிற்றோடு கிடக்கலாம். அத்தனை நேரமும் அதன் ரத்தத்தில் சர்க்கரை இறங்காது. கீழே ஏலக்காய் ஸ்டோரில் எலிக்காகப் பதுங்கும் பூனைக்கும் அப்படியே. எலியின் உடம்பில் மாவுச்சத்து பெயருக்குத்தான் இருக்கிறது. புரதமும் கொழுப்பும்தான் மிச்சமெல்லாம். நமக்குச் சோறு தின்றால் சர்க்கரை ஏறும், அப்போது ஈரல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். பூனை ஈரலோ புரதத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் வேலையை வேளாவேளைக்கு நிறுத்துவதில்லை. தின்றாலும் தின்னாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று நிறைய மாவுச்சத்து வந்தால் அதைச் சமாளிக்க மனித ஈரலில் இருக்கும் குளுக்கோகைனேஸ் என்ற நொதி, பூனை ஈரலில் மிகக் குறைவு. பால்சோறும் கருவாட்டுச் சோறும் தின்று வீட்டோடு கிடக்கும் பூனை, தன் உடம்பு எதற்காக அமைந்ததோ அதற்கு நேர்மாறான வாழ்க்கையை வாழ்கிறது என்று சொல்லலாம்.

இப்படிப்பட்ட உடம்புக்கு இன்சுலின் ஊசி போட வேண்டி வந்தால் என்ன ஆகும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 4 கிலோ எடையுள்ள பூனையின் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர் அளவு. ஆரோக்கியமான பூனையின் ரத்தத்தில் 100 மில்லிக்கு சுமார் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். ஆக, மொத்த ரத்தத்திலும் சேர்த்து இருக்கும் சர்க்கரை கால் கிராம்தான். தேநீருக்குப் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரையில் இருபதில் ஒரு பங்கு. இந்தக் கால் கிராம் பாதியாகக் குறைந்தால் பூனை ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். 100 மில்லிக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே கால்நடை மருத்துவர்கள் அதைத் தாழ்சர்க்கரை என்கிறார்கள்.

பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் நம்மில் நடுவயதில் வருகிறதே, அந்த இரண்டாம் வகையைப் போன்றது. பருமனான, வீட்டை விட்டு இறங்காத, காயடித்த ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். தோல் அரிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் ஸ்டீராய்டு ஊசி திரும்பத் திரும்பப் போட்ட பூனைக்கும் வரும். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், மூத்திரம் மூத்திரமாகப் போகும், நன்றாகத் தின்றும் இளைக்கும். சிலவற்றுக்கு நரம்பு தளர்ந்து, விரல் நுனியில் நடக்க வேண்டிய பூனை பின்னங்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கும். நோயின் உள்வேலையிலும் மனிதனுக்கும் பூனைக்கும் ஒற்றுமை உண்டு. இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் படியும் அமிலாய்டு என்ற பசைப்பொருள் எந்தப் புரதத்திலிருந்து வருகிறது என்பது 1987-ல் தெரியவந்தது. அதற்குப் பயன்பட்டவை மனிதக் கட்டி ஒன்றின் திசுவும் சர்க்கரை நோயுள்ள பூனையின் கணையமும்.

சர்க்கரை கூடிக் கிடப்பது பூனையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கெடுக்கிறது. குறைந்துபோவது மணிக்கணக்கில், சில சமயம் நிமிடக்கணக்கில் கெடுக்கிறது. மருத்துவம் தொடங்கிய வீட்டில் பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பயம் முதலாவதன் மேல்தான் இருக்கும். "சுகர் 300 காட்டுது, இன்னும் ரெண்டு யூனிட் கூட்டிப் போடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

அந்த யூனிட் என்ற அளவு பிறந்த கதையே தாழ்சர்க்கரையின் கதைதான். 1921-22 குளிர்காலத்தில், கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்த பான்டிங், பெஸ்ட், மெக்லியோட் ஆகியோரோடு சேர்ந்த ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர், மாட்டுக் கணையத்திலிருந்து பிரித்த சாற்றை முயல்களுக்குச் செலுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். சாறு வீரியமாக இருந்தபோது முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தியதும் எழுந்துகொண்டன. இன்சுலின் அதிகமானால் என்ன ஆகும், அதற்கு மாற்று என்ன, இரண்டும் ஒரே மேசையில் தெரிந்துவிட்டன. பிறகு அளவு வேண்டும் என்று வந்தபோது அதே முயலைத்தான் வைத்தார்கள். 24 மணி நேரம் பட்டினி கிடந்த 2 கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை, வலிப்பு வரும் நிலையான 45 மில்லிகிராமுக்கு இறக்கும் இன்சுலின் ஒரு யூனிட் என்றார்கள். அது மனிதருக்குப் பெரிய அளவாக இருந்ததால் பிறகு மூன்றில் ஒன்றாக்கினார்கள். இன்றைய யூனிட்டை எடையால் கணக்கிடுகிறார்கள். ஒரு யூனிட் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 29-ல் ஒரு பங்கு. அதன் மூதாதை மட்டும் அந்த முயல்தான். 4 கிலோ பூனைக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தொடங்கும் அளவு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 அல்லது 2 யூனிட் என்பதை இந்த முயலோடு சேர்த்து யோசித்தால், ஊசியைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் நிதானம் வரும்.

இனி மெடிக்கல் கடைக்கு வருவோம். என்னைக் கேட்டால், இந்தியாவில் பூனைக்குத் தாழ்சர்க்கரை வர வழி திறந்து கிடக்கும் இடம் இதுதான்.

பூனைக்கென்றே வெளிநாட்டில் விற்கும் இன்சுலின் நம் ஊர்க் கடைகளில் பொதுவாகக் கிடைப்பதில்லை. மனிதருக்கான இன்சுலினைத்தான் மருத்துவர் எழுதித் தருவார். அது இங்கே இரண்டு வீரியங்களில் வருகிறது. தாத்தா பாட்டிகள் காலங்காலமாகப் போட்டுவரும் 10 மில்லி குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பூனைகளுக்கு இப்போது அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 40-க்கு உரியது சிவப்பு மூடியோடும் 100-க்கு உரியது ஆரஞ்சு மூடியோடும் வருகிறது. மங்கின விளக்கில் இந்த இரண்டு நிறங்களையும் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

100 யூனிட் குப்பியிலிருந்து, வீட்டில் ஏற்கெனவே பாட்டிக்காக வாங்கி வைத்த 40 யூனிட் சிரிஞ்சில், 2 என்ற கோடுவரை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். எடுத்த மருந்து 0.05 மில்லி. அதில் இருப்பது 5 யூனிட். இரண்டரை மடங்கு! கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் சரியான அளவே ஒரு சொட்டில் பாதிகூட இல்லை, தவறான அளவு ஒரு முழுச் சொட்டு. இதையே மாற்றிச் செய்தால், அதாவது 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால், 2 என்று நினைத்துப் போடுவது 0.8 யூனிட்தான். அப்போது சர்க்கரை குறையவே குறையாது. "மருந்து வேலை செய்யலை" என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு ஒருநாள் யாராவது சரியான சிரிஞ்சை வாங்கி வருவார்கள், கூட்டிய அளவு அப்படியே உள்ளே போகும். நிறத்தை நம்பாமல் குப்பியின் மேல் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சின் மேல் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் படிப்பதற்கு ஐந்து நொடி போதும். கிளார்ஜினுக்கு அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் அதுவே நல்லது.

மலையில் இன்னொரு வழியிலும் இதே விபத்து நடக்கலாம். இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய புரதம். மின்சாரம் நின்று நின்று வந்தாலோ, போடியில் வாங்கிய குப்பி வெயிலில் நின்ற வண்டிப் பெட்டியில் கிடந்தாலோ வீரியம் கெடும். கெட்ட மருந்துக்கு ஏற்ப அளவைக் கூட்டிக்கொண்டே போன வீட்டில், புதுக் குப்பியைத் திறந்த அன்று பூனை விழும்.

மற்ற காரணங்கள் எளியவை. அம்மா போட்டது தெரியாமல் மகனும் போடுவது. வாந்தி எடுத்த பூனைக்கும், தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போன பூனைக்கும் வழக்கமான அளவையே போடுவது. சோற்றை நிறுத்தி மீனும் கோழியும் கொடுக்கத் தொடங்கிவிட்டு ஊசியைக் குறைக்காமல் விடுவது. கடைசியாகச் சொன்னதில் ஒரு முரண் இருக்கிறது: உணவை மாற்றியது சரி, மிகச் சரி. ஆனால் சோற்றுக்காகக் கணக்கிட்ட இன்சுலின், சோறு இல்லாத உடம்பில் போய் என்ன செய்யும்? மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றக் கூடாது என்பது இதனால்தான்.

ஊசி போட்ட பிறகு 4 முதல் 8 மணி நேரத்துக்குள் சர்க்கரை பொதுவாக மிகக் கீழே இருக்கும். சாதாரணமாக ரத்தச் சர்க்கரை இறங்கினால் உடம்பு அட்ரினலினையும் குளுக்ககானையும் அனுப்பி ஈரலை முடுக்கும். நான் முன்பு சொன்ன, ஓயாமல் ஓடும் அந்த ஈரலைக் குப்பியிலிருந்து வந்த இன்சுலின் அடக்கி வைத்திருக்கிறது. அட்ரினலின் பாயும்போது தெரியும் அடையாளங்கள் முதலில் வரும்: திடீர்ப் பசி, நிலைகொள்ளாமை, விரிந்த கண்மணி, நடுக்கம். மூளை தனக்கென்று சர்க்கரையைச் சேமித்து வைக்கும் உறுப்பு இல்லை. அதனால் அடுத்த கட்டம் மூளையின் பட்டினி: கள்ளுக் குடித்தவன் போலத் தள்ளாடும், சுவரை வெறித்துப் பார்க்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, வழக்கமில்லாத குரலில் கத்தும், வலிப்பு வரும், நினைவு தப்பும். சில பூனைகள் எந்த அடையாளமும் காட்டாமல் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பூனை ஒளிந்துகொள்வதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

போடியில் இருப்பவருக்கு மாட்டாஸ்பத்திரி அருகில். குரங்கணியிலோ அதற்கும் மேலே மலையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊரிலோ இருப்பவருக்கு, இரவு நேரத்தில் மருத்துவம் வீட்டிலேயேதான் தொடங்கியாக வேண்டும். பூனை விழித்திருந்து தின்னக் கூடியதாக இருந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். மற்ற நாளில் வேண்டாம் என்று சொன்ன பால்சோறுகூட இப்போது நல்லது. தின்ன மறுத்தால், தலை தொங்கினால், பெட்டிக்கடையிலும் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் உதட்டுக்கு உள்பக்கம் ஈறில் தேய்க்க வேண்டும். பூனையின் நாக்கு அதைக் கேட்டு வாங்காது, நாம்தான் பூச வேண்டும். ஈறு வழியாக நேரே உறிஞ்சப்படுவது கொஞ்சம்தான். உமிழ்நீரோடு கலந்து உள்ளே இறங்குவதுதான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அதனால் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். பயந்து அண்டா நிறையக் கரைக்க வேண்டியதில்லை. ஒரு டீஸ்பூன் பொடி என்பது, முன்பு சொன்ன கணக்கில், அந்தப் பூனையின் ரத்தம் முழுவதிலும் இருப்பதைப்போல இருபது மடங்கு.

தேனும் உதவும். ஆனால் தேனின் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி ஃபிரக்டோஸ், அது உடனே குளுக்கோஸ் ஆவதில்லை. இரண்டும் கையில் இருந்தால் குளுக்கோஸ் பொடியையே எடுங்கள். சர்க்கரை நோயாளி வீடுகளில் இருக்கும் சுகர் ஃப்ரீ மாத்திரையை அவசரத்தில் கரைத்துவிடாதீர்கள், அதில் இனிப்பு உண்டு, சர்க்கரை இல்லை. வலிப்பு வந்துகொண்டிருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பற்களுக்கு இடையில் விரலையும் விடக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்து, கன்னத்தின் உள்பக்கம் மட்டும் தடவி, துணியில் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்ப வேண்டியதுதான். 1962 என்ற எண் முதன்மையாக ஆடு மாடுகளுக்கான அவசர சேவை என்றாலும், கூப்பிட்டு வழி கேட்பதில் தவறில்லை.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூனை எழுந்து உட்காரலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேய்த்த குளுக்கோஸ் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். உள்ளே போன இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். எழுந்த பூனைக்கு உடனே உணவு கொடுத்து, அரைமணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்து, விடிந்ததும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அடுத்த ஊசி எப்போது, எவ்வளவு என்பதை அவர் சொல்லும்வரை குப்பியைத் தொடக் கூடாது. அதற்காக நாள்கணக்கில் ஊசியை நிறுத்திவிடவும் கூடாது. இன்சுலினே இல்லாத உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலத்தில் மூழ்கும், அது வேறொரு மரணம்.

காட்டப் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூடையில் அடைத்து, வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் போடிக்குக் கொண்டுபோகும் பூனை மிரண்டுபோய் இருக்கும். மிரட்சியிலேயே பூனையின் சர்க்கரை 200, 300 என்று ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்கும் இப்படி ஏறும். அந்த எண்ணை மட்டும் பார்த்து அளவைக் கூட்டினால், வீடு திரும்பி மிரட்சி தணிந்ததும் சர்க்கரை பள்ளத்தில் இறங்கும். எனவே வீட்டில் அளந்து எழுதி வைத்த எண்கள் மருத்துவமனை எண்ணைவிட மதிப்புள்ளவை. காது ஓரத்தைக் கையால் தேய்த்துச் சூடாக்கி, ஓர ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் ஊசியால் குத்தினால் ஒரு பொட்டு ரத்தம் வரும், மீட்டருக்கு அது போதும். பெரும்பாலான பூனைகள் சில நாளில் பழகிவிடும். மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாக உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். நம் ரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, பூனைக்கு ஏறக்குறைய எல்லாமே வெளியே பிளாஸ்மாவில். மீட்டரின் கணக்கு நம்மை வைத்துப் போட்டது. இருந்தாலும் 50 என்று காட்டினால் "மீட்டர் தப்பு" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், உணவைக் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இனி நான் மிகவும் வியக்கும் இடம். எல்லாம் சரியாகச் செய்தும், சிரிஞ்ச் சரி, அளவு சரி, வேளைக்குச் சாப்பாடு சரி, அப்படியிருந்தும் ஒருநாள் பூனைக்குச் சர்க்கரை இறங்கினால், அது நல்ல செய்தியாக இருக்கலாம்! நெடுநாள் ஏறிக் கிடக்கும் சர்க்கரையே கணையத்தின் இன்சுலின் செல்களை நசுக்கி வைக்கிறது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கி, மாவுச்சத்தையும் குறைத்தால், மிச்சமிருக்கும் செல்கள் ஓய்ந்து, தேறி, மறுபடி சுரக்கத் தொடங்கும். ஊசியின் இன்சுலினும் உடம்பின் சொந்த இன்சுலினும் ஒன்றாகச் சேரும் அந்த நாளில் பூனை தள்ளாடும். குணமாவதன் முதல் அடையாளமே ஆபத்தாக வருகிறது.

ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்பும் பூனைகள் அபூர்வம் அல்ல. கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கிளார்ஜின் போட்டு வீட்டிலேயே அடிக்கடி அளந்து கவனிக்கப்பட்ட 55 பூனைகளில் 64 சதவீதம் ஊசியை விட்டன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இப்படிக் கடுமையான கவனிப்பைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம். தாமதித்தவற்றில் 35 சதவீதம். சிறிய ஆய்வுதான், அக்கறை மிகுந்த உரிமையாளர்கள் வேறு. எல்லா வீட்டுக்கும் இதே எண் வராது. ஆனாலும் தொடக்க மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்பது தெளிவு. அந்த மாதங்களில்தான் அளவைக் கூட்டுவதில் எல்லோருக்கும் ஆர்வம், குறைக்க வேண்டிய நாளைக் கவனிப்பதற்கு யாரும் இல்லை. ஸ்டீராய்டால் சர்க்கரை வந்த பூனைக்கு ஸ்டீராய்டை நிறுத்தியதும் இந்த நாள் இன்னும் சீக்கிரம் வரக்கூடும்.

உங்கள் வீட்டில் ஊசி போடும் பூனை இருந்தால் இரண்டே வேலை செய்யுங்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஊசி போட்டவர் அந்த நிமிடமே நேரத்தையும் அளவையும் எழுதட்டும். போட்டோமா, போடவில்லையா, மருந்து உள்ளே போனதா, ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை ஊசி தவறினால் பெரும்பாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது; ஒரு வேளை இரட்டித்தால் ஆகும்.